மெல்லடிக்கு ஓர் அளவு

இன்னிசைக் கச்சேரியில் பேட் வாசிப்பவரைப் பாட்டு தொடங்கிய பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள். அதற்கு முந்தைய கால்மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது. மதுரை ஆரப்பாளையத்தில், புட்டுத்தோப்புப் பக்கம் தெருவை அடைத்து மேடை போட்டிருப்பார்கள். குழல்விளக்கு கட்டுகிறவரும் நாற்காலி இறக்குகிறவரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஆக்டோபேடின் எட்டு ரப்பர் தட்டுகளுக்கு முன்னால் தலையைச் சாய்த்து நிற்பார். குச்சி நுனியால் ஒரு தட்டு, ஒரு பொத்தான், மறுபடியும் அதே தட்டு. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவருக்கு இல்லை.

ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த முதல் ஆக்டோபேடான பேட்-8க்குச் சொந்தக் குரலே கிடையாது. எந்தத் தட்டில் எவ்வளவு வேகத்தில் அடி விழுந்தது என்பதை மிடி வயர் வழியாக இன்னொரு கருவிக்குச் சொல்லும். சத்தம் அங்கிருந்து வரும். பிறகு 1998-இல் எஸ்பிடி-20 வந்தது. தட்டும் சத்தமும் ஒரே பெட்டிக்குள். அதை இன்றும் துடைத்துத் துடைத்துப் பாதுகாக்கிற வாசிப்பாளர்கள் இங்கே உண்டு. ஆனாலும் உள்ளே நடப்பது பழைய கதைதான். ரப்பருக்கு அடியில் இருக்கும் பீசோ வில்லை அதிர்வை மின்சாரமாக்குகிறது, கருவி அதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக எழுதுகிறது. மணிக்கட்டின் வேகம், தயக்கம், உற்சாகம் எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கியாக வேண்டும்.

127 படிகள் தாராளம். எந்த அடிக்கு எந்தப் படி என்று வகுப்பதில்தான் வாசிப்பவரின் ரசனை தெரிகிறது. இதற்குக் ‘கர்வ்’ என்று ஓர் அமைப்பு. ஒரு வகை, மெல்லிய அடிகளுக்கு நிறைய இடம் விட்டு, பலமான அடிக்குக் கடைசியில் விறுவிறுவென்று ஏறும். இன்னொரு வகை, லேசாகத் தொட்டாலே உரக்கப் பேசும். குத்துப்பாட்டுக்கு இரண்டாவது போதும். கூட்டம் எழுந்து ஆடும். ஆனால் ஆரப்பாளையம், தேனிப் பேருந்துகள் புறப்படுகிற இடம். தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவின் பாட்டு இல்லாமல் இங்கே எந்தக் கச்சேரியும் நிறைவதில்லை. அந்தப் பாட்டுகளில் டோலக்கும் தபேலாவும் பெரிய அடிகளுக்கு நடுவே பொடிப்பொடியாக எவ்வளவோ சொல்லிப் போகும். அந்தப் பொடி அடி 30-லும் 35-லும் விழ வேண்டும். கர்வ் தவறினால் அதுவே 80-க்குத் தாவும். நடை இருக்கும், நயம் போய்விடும்.

அதற்கும் கீழே இன்னொரு எல்லை: ‘த்ரெஷோல்ட்’. எவ்வளவு மெல்லிய அதிர்வு வரை அடியாகக் கணக்கில் கொள்வது என்பது. இதை மிகவும் தாழ்த்தி வைத்தால் பக்கத்துப் பேஸ் பெட்டி உறுமும்போது பலகை மேடை நடுங்கி, யாரும் தொடாத தட்டு தானாகப் பேசும். உயர்த்தினால் அந்தப் பொடி அடிகள் வாசலிலேயே நின்றுவிடும். பறைக்காரர் வைக்கோல் தீ மூட்டி, பனியில் தொய்ந்த தோலை விறைக்க வைப்பார். ரப்பர் தொய்வதில்லை. ஆனால் மேடை மாறுகிறது, பெட்டி வைத்த இடம் மாறுகிறது, ஸ்டாண்டின் கால் ஊன்றிய மண் மாறுகிறது. அதனால் இவருக்கும் ஊருக்கு ஊர் அந்த வேலை உண்டு.

ஓர் அடிக்குப் பின் இத்தனை மில்லி செகண்டுக்கு அடுத்த அதிர்வைக் கண்டுகொள்ளாதே என்றும் கருவிக்குச் சொல்லி வைக்கலாம். குச்சி ரப்பரில் துள்ளி, ஓர் அடி இரண்டாகக் கேட்காமலிருக்க இது வேண்டும். நிமிடத்துக்கு 150 தாளம் போகிற பாட்டில் ஒரு தாளம் 400 மில்லி செகண்ட். அதை ஆறாகப் பகுத்தால் அடிக்கு அடி 67. இங்கே பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு குச்சியையும் ஒரே தட்டில் ஏறக்குறைய ஒன்றாக, நூலிழை முன்பின்னாக இறக்குகிற அழகு ஒன்று உண்டு. அந்த இடைவெளி இருபது, முப்பதுக்குள் அடங்கிவிடும். தடையை 40-இல் வைத்தால் இரண்டாவது குச்சி விழுந்ததே கருவிக்குத் தெரியாது. நல்ல வாசிப்பாளர் துள்ளலைத் தடுத்துவிட்டு இந்த அழகைத் தப்பவிடும் எண்ணைத் தேடுகிறார். பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றாக இறங்கி வந்து அங்கே நிற்பார்.

தவிலுக்கு இன்னொரு நுட்பம். உண்மைத் தவிலில் வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. இரண்டு பக்கமும் இரண்டு குரல். பேடில் ஒரே தட்டுக்குள் இரண்டு சத்தத்தை வைத்து, அடி ஓர் எண்ணைத் தாண்டினால் மங்கலிலிருந்து கணீருக்கு மாறும்படி செய்யலாம். மாறும் இடம் காதுக்குத் தட்டுப்படக் கூடாது. நல்ல தையற்காரர் மடித்துத் தைத்த ஓரம் மாதிரி உள்ளே மறைந்திருக்க வேண்டும். உறுமிதான் வழிக்கு வராது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த ஏற்ற இறக்கத்தை அடிக்கிற தட்டு எப்படிச் சொல்லும்? கையால் வாசிக்கிற ஹேண்ட்சோனிக்கில் தட்டை அழுத்திச் சுருதியை வளைக்கலாம். ஓரளவு கிட்டே வரும். அந்த மிச்ச தூரத்துக்கு உறுமிக்காரரையே மேடைக்கு அழைப்பதுதான் சரி என்பேன்.

எல்லாத் தட்டையும் எப்படி அடித்தாலும் ஒரே உரப்பில் ஒலிக்கும்படி நிறுத்திவிடுகிற வழக்கம் இப்போது மேடைகளில் கூடுகிறது. சத்தம் சீராகக் கிடைக்கும் என்கிறார்கள். வாசிப்பவரின் கை அதில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

தவில், பறை, டோலக் சேர்த்த ‘பேட்ச்’ விலைக்குக் கிடைக்கிறது. பென் டிரைவில் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். சத்தங்கள் அப்படியே வந்துவிடும். கனத்த மணிக்கட்டுக்காரர் அமைத்ததை மெலிந்த கைக்காரர் வாங்கினால், முதல் பாட்டிலேயே பாதி அடிகள் காணாமல் போகும். அவர் திரும்ப முதலிலிருந்து, ஒவ்வொரு தட்டாக, தன் கைக்கு அளவெடுக்க உட்கார வேண்டும்.