எண்ணியவாறு எழுதிய எழுத்து
ஜோர்ஜ் ஓர்வெல்லின் பத்திரிகைக் கட்டுரைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

இலக்கியத் திறனாய்வு பெருநூல்களையே தன் பொருளாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஓர் ஆசிரியரின் நாவல்களை விரிவாக ஆராய்வோர், அவர் வாரந்தோறும் பத்திரிகைகளுக்கு எழுதிய சிறு கட்டுரைகளை அடிக்குறிப்புகளில் ஒதுக்கிவிடுவர். ஆங்கில எழுத்தாளரான ஜோர்ஜ் ஓர்வெல்லுக்கும் இக்கதியே நேர்ந்தது எனலாம். 1945 இல் வெளிவந்த ‘விலங்குப் பண்ணை’, 1949 இல் வெளிவந்த ‘ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு’ ஆகிய இரு நூல்களாலேயே உலகம் அவரை அறியும். ஆயினும் இயந்திரம், ஆயுதம், பத்திரிகை, கட்சி, உணவு, ஓய்வு எனத் தற்கால வாழ்வின் ஒவ்வொரு கூறு பற்றியும் அவர் கொண்டிருந்த கருத்துக்களை அவ்விரு நூல்களினும் தெளிவாகக் காட்டுவன அவருடைய பத்திரிகைக் கட்டுரைகளேயாகும்.

‘ரிபியூன்’ என்னும் இடதுசாரி வார இதழில் 1943 டிசெம்பர் 3 ஆம் திகதி தொடங்கி, இடையிலே சில காலம் நின்று, 1947 வரை அவர் எண்பது பத்திகளை எழுதினார். ‘என் விருப்பப்படி’ என்பது அப்பத்தியின் தலைப்பு. தலைப்புக்கேற்ப, முன்கூட்டியே வகுத்த திட்டம் எதுவும் அவற்றில் இல்லை. முதற் பத்தியே ஒரு புகையிலைக் கடையிலே குடிபோதையில் நின்ற அமெரிக்கப் படைவீரர்களிடமிருந்து தொடங்குகின்றது. அங்கிருந்து ஆங்கிலேய–அமெரிக்க உறவு பற்றிய அரசியல் விடயத்துக்கு அது நகர்கின்றது. ஆறு பென்சுக்கு வாங்கிய ரோசாச் செடி, புத்தகக் கடை, வதந்தி, விளம்பரம் என்று எதுவும் அவருக்குக் கட்டுரைப் பொருளாயிற்று. 1580 இல் பிரெஞ்சு மொழியில் மொந்தேன் தொடக்கிவைத்த கட்டுரை மரபின் நேர்வழித் தோன்றல் இவ்வெழுத்து. கையிலுள்ள பொருளிலிருந்து தொடங்கி உலகத்தை நோக்குவது அம்மரபின் அடிப்படை முறையாகும்.

இத்தகைய எழுத்தை மதிப்பிடுவதற்கு அளவுகோல் யாது என்ற வினா ஈண்டு எழுகின்றது. கருத்துக்கள் சரியா, பிழையா என்று எண்ணிப் பார்ப்பது போதாது. அங்ஙனமாயின் காலம் கடந்ததும் அவற்றை எறிந்துவிடலாம். எழுதுபவர் தமக்கென வகுத்துக்கொண்ட நோக்கு முறையைத் தமக்கு இனிமையான பொருள்களின்மீதும் செலுத்துகின்றாரா என்பதே பொருத்தமான சோதனையாகும். ஓர்வெல்லை இச்சோதனைக்கு உட்படுத்தும்போது அவருடைய வலிமையும் குறைபாடும் ஒருங்கே புலனாகின்றன.

முதலில் தொழில்நுட்பம் பற்றிய அவருடைய கருத்தை நோக்கலாம். ஹிரோஷிமா, நாகசாகி அழிவு நிகழ்ந்து இரண்டரை மாதங்கள் கழியுமுன், 1945 ஒக்ரோபர் 19 ஆம் திகதி, அணுக்குண்டு பற்றிய அவரது கட்டுரை ‘ரிபியூனி’ல் வெளியாயிற்று. குண்டு எத்தனை பேரைக் கொல்லும் என்ற கேள்வியை விட்டு, அதனைச் செய்வதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்வியை அவர் எழுப்பினார். செய்வதற்குக் கடினமும் செலவும் மிக்க ஆயுதம் மேலோங்கும் காலம் கொடுங்கோன்மைக்கு ஏற்றது. எளிதும் மலிவுமான ஆயுதம் மேலோங்கும் காலத்தில் சாதாரண மக்களுக்கு ஒரு வாய்ப்புண்டு என்பது அவரது வாதம். தாங்கியும் போர்க்கப்பலும் முன்னதைச் சார்ந்தவை. ரைபிளும் கைக்குண்டும் பின்னதைச் சார்ந்தவை. அணுக்குண்டு மிகுந்த செலவுக்குரியதாகையால், இரண்டு மூன்று பேரரசுகள் உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று வெல்லவும் முடியாமல் சமாதானமும் இல்லாமல் நீடிக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பிற்காலத்தில் உலகெங்கும் வழங்கிய ‘கெடுபிடிப் போர்’ என்ற கருத்துக்குரிய ஆங்கிலத் தொடரை அக்கட்டுரையிலேயே அவர் ஆண்டார்.

எதிர்காலத்தை முன்னறிந்து கூறினார் என இதனை வியந்து பாராட்டுவோர் பலர். ஆயின், அவ்வாதத்தின் மற்றப் பாதி அவ்வளவு உறுதியானதன்று. 1975 இல் முடிவுற்ற வியட்நாம் போர், எளிய ஆயுதம் ஏந்திய கிராமத்து மக்கள் மாபெரும் வல்லரசை வெளியேற்றலாம் என்று காட்டியது. இது ஓர்வெல்லின் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றது. அதே வேளையில், அம்மக்களின் கையிலிருந்த ஆயுதங்களிற் பெரும் பகுதி சோவியத் ஒன்றியத்தின் தொழிற்சாலைகளிலிருந்தும் சீனத்தின் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தது. ரைபிள் எளிமையானதாக இருக்கலாம். அதனை வார்க்கும் உலைக்களம் எளியவனுடையதன்று. ஆயுதம் எத்தகையது என்று கேட்டவர், அதனை வழங்குபவர் யார் என்றும் கேட்டிருத்தல் வேண்டும். பொருளை நுணுகி நோக்கும் கண், அப்பொருள் வந்த வழியை நோக்காது விடும் இவ்வியல்பு அவருடைய பிற கட்டுரைகளிலும் தலைகாட்டுகின்றது.

அரசியல் துறையிலே அவருடைய துணிவு மறுக்கவியலாதது. 1944 ஓகஸ்டில் வார்சோ நகர மக்கள் ஜெர்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, பிரித்தானிய இடதுசாரிப் பத்திரிகைகள் பல சோவியத் அரசின் விளக்கத்தையே எதிரொலித்தன. சோவியத் ஒன்றியம் அப்போது நேச நாடு. செப்ரெம்பர் 1 ஆம் திகதிப் பத்தியில் ஓர்வெல் அப்பத்திரிகையாளரை நேரடியாகக் கண்டித்தார். நேர்மையீனத்துக்கும் கோழைத்தனத்துக்கும் விலை கொடுத்தே தீரவேண்டும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. எதிரணியினரைத் தாக்குவது எவர்க்கும் எளிது. தம் அணியினரின் பத்திரிகையிலேயே தம் அணியினரைக் கேள்விக்குட்படுத்துவது அரிது. ஆனால் 1949 இல், நோய்ப்படுக்கையிலிருந்த அவர், பிரசாரப் பணிக்கு நம்பத்தகாதவர்கள் எனத் தாம் கருதிய 38 பேரின் பெயர்களைப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சின் ஒரு பிரிவுக்கு எழுதி அனுப்பினார். அப்பட்டியல் 2003 இல் பகிரங்கமாயிற்று. பத்தியில் எழுதிய கருத்துக்கு வாசகன் மறுமொழி எழுதலாம். ‘ரிபியூனு’க்கு அவ்வாறு எழுதியோர் பலர். அரசாங்கக் கோப்பினுள் புகுந்த கருத்துக்கு அதனாற் சுட்டப்பட்டவன் மறுமொழி கூறவியலாது. கருத்து ஒன்றாயினும் அது வைக்கப்படும் இடம் அதன் ஒழுக்கப் பெறுமானத்தை மாற்றிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தற்கால வாழ்வு பற்றிய கட்டுரைகளுள் 1946 ஜனவரி 11 ஆம் திகதி வெளிவந்த ‘இன்பத் தலங்கள்’ குறிப்பிடத்தக்கது. எதிர்கால உல்லாச விடுதி ஒன்றின் திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் இயல்புகள் ஐந்தினை அவர் வரிசைப்படுத்துகின்றார். அங்கே மனிதன் ஒருபோதும் தனித்திருப்பதில்லை; தனக்கென ஒன்றையும் தானே செய்வதில்லை; இயற்கையின் மரஞ்செடிகளைக் காண்பதில்லை; ஒளியும் வெப்பமும் செயற்கையாகச் சீர்செய்யப்பட்டிருக்கும்; இசை ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். சிந்தனையும் உரையாடலும் எழாது தடுப்பதே அவ்விசையின் பணி என்கிறார் அவர். இயந்திரத்தை அவர் முற்றாக ஒதுக்கவில்லை. ஒரு புதுமை மனிதனை மேலும் மனிதனாக்குகின்றதா, குறைந்த மனிதனாக்குகின்றதா என்று கேட்கவேண்டும் என்றார். செவியிற் பொருத்திய கருவியோடும் கையிலேந்திய திரையோடும் பயணஞ் செய்யும் இன்றைய தலைமுறைக்கு இக்கேள்வி பழமைப்பட்டதாகத் தோன்றாது. எனினும், அவர் கூறிய ஐந்தும் விடுதியில் இன்புறுவோனின் அனுபவத்தைப் பற்றியவை. விடுதியைத் துப்புரவு செய்பவனுடைய நாட்பொழுது அவ்வைந்தனுள் அடங்கவில்லை.

இதற்கு மறுநாள், 1946 ஜனவரி 12 ஆம் திகதி, ‘ஈவ்னிங் ஸ்ராண்டர்ட்’ பத்திரிகையில் நல்ல தேநீர் தயாரிப்பது எவ்வாறு என்ற சிறு கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். அதில் பதினொரு விதிகள் உள்ளன. முதல் விதியே, இந்தியத் தேயிலையை அல்லது இலங்கைத் தேயிலையைப் பயன்படுத்தவேண்டும் என்பது. தேநீர்க் குடத்தை முன்னரே சூடாக்குதல், கொதிக்கும் கேத்தலண்டை குடத்தைக் கொண்டுசெல்லுதல், பாலுக்கு முன் தேநீரை ஊற்றுதல், சீனி சேர்க்காது விடுதல் என்பன ஏனைய விதிகளுட் சில. பிரித்தானியாவில் 1940 முதல் 1952 வரை தேயிலை பங்கீட்டு முறையிலேயே கிடைத்தது; ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் என்ற அளவிலிருந்து இருபது நல்ல கோப்பைகளை எங்ஙனம் பெறலாம் என்ற கவலையோடு கட்டுரை முடிகின்றது. நகைச்சுவையும் துல்லியமும் மிக்க எழுத்து அது. ஆயின் தேயிலை எங்கிருந்து வந்தது என்பதை முதல் விதியிலேயே கூறியவர், அதனை யார் கொய்தார் என்பதைப் பதினொரு விதிகளிலும் கூறவில்லை.

அக்கோப்பையிலிருந்த தேயிலைக்கும் மலையகத்துக்கும் இடையிலான தொடர்பு கற்பனையன்று. போர்க்காலத்தில் பிரித்தானிய உணவமைச்சே இலங்கைத் தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. பங்கீடு தொடங்கிய அதே 1940 ஆம் ஆண்டின் ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தான். கட்டுரை வெளிவந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள், சுதந்திர இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இவையாவற்றையும் ஒரு தேநீர்க் கட்டுரையில் எழுதியிருக்கவேண்டும் என எவரும் கோரமாட்டார். ஒரு வாக்கியத்தின் இடம் மட்டும் அங்கே வெறுமையாகக் கிடக்கின்றது.

சிறு இன்பம் ஒன்றைப் பற்றிய எழுத்தின்மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்று வினவுவோர் இருக்கலாம். அவ்வினாவுக்கு விடை ஓர்வெல்லின் எழுத்திலேயே உண்டு. 1937 இல் வெளிவந்த ‘விகன் துறைக்குச் செல்லும் பாதை’ என்ற நூலில், கணப்பருகே குளிர்காய்பவன் நிலத்தடியில் நிலக்கரி வெட்டுபவனை நினைப்பதில்லை என்று சுட்டி, எழுதும் எழுத்தாளன் உட்பட அனைவரும் அச்சுரங்கத் தொழிலாளியின் உழைப்பிலேயே வாழ்கின்றனர் என்று அவர் நிறுவினார். அந்நூலிலேயே, ஆங்கிலேயன் வாடகைக் காரில் ஏறுவதும் பாலாடையோடு பழமுண்பதும் இந்தியாவின் பட்டினியை ஏற்றுக்கொள்ளும் செயல்கள் என்றும் எழுதினார். பிரித்தானியத் தொழிலாளி வர்க்கத்தின் பெரும் பகுதி ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழ்கின்றது என்பதை 1939 இலேயே தம் நாட்டு இடதுசாரிகளுக்கு நினைவூட்டியவரும் அவரே. எனவே அறியாமை இங்கே காரணமாகாது. வங்காள மாகாணத்து மோத்திஹாரியில் 1903 இல் அபினித் திணைக்கள அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவிற் பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கீழைத்தேயச் சேவையிற் பணிபுரிந்தவர். 1942 இல் அச்சேவையின் இலக்கிய நிகழ்ச்சி ஒன்றின்போது எடுக்கப்பட்ட புகைப்படத்தில், எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோருடன் இலங்கைத் தமிழரான தம்பிமுத்துவும் அவரருகே காணப்படுகின்றார்.

இன்பத்தை அவர் நியாயப்படுத்திய முறையையும் இங்கு ஒப்புநோக்க வேண்டும். தேநீர்க் கட்டுரைக்கு மூன்று மாதங்களின் பின், 1946 ஏப்ரிலில், தேரையையும் வசந்தத்தையும் பற்றி அவர் எழுதினார். இயற்கையில் மகிழ்தல் பூர்ஷ்வா மனப்பான்மை எனக் கண்டிக்கும் தோழர்களுக்கு அதில் அவர் மறுமொழி கூறினார். வசந்தம் யாருக்கும் செலவு வைப்பதில்லை. முதலாளிக்கு வாடகை செலுத்தாமலே ஏழையும் அதனை அனுபவிக்கலாம் என்பது அவரது வாதத்தின் சாரம். கலையிலும் இலக்கியத்திலும் அழகுணர்ச்சியை ஐயத்தோடு நோக்கும் வறட்டு விமரிசனத்துக்கு இன்றும் தகுந்த விடை அது. ஆனால் அவ்வாதத்தைத் தேநீருக்குப் பொருத்தவியலாது. வசந்தம் இலவசமாக வரலாம். தேநீர் அங்ஙனம் வருவதில்லை. அதற்கான விலையிற் பெரும் பங்கினை அதனை அருந்தாத ஒருவர் செலுத்திவிடுகின்றார்.

இம்மௌனத்துக்குக் காரணம் பத்தி எழுத்தின் இயல்பிலேயே உள்ளது. பிரகடனஞ் செய்யும்போது எழுத்தாளன் தன் கொள்கையை நினைவிற் கொள்கின்றான். இளைப்பாறி எழுதும்போது அவனுடைய பழக்கமே எழுதுகின்றது. ஏகாதிபத்தியத்தைக் கொள்கையளவில் வெறுத்தவரின் சமையலறையில் ஏகாதிபத்தியம் வழக்கமான ஒரு பொருளாக, மணமுள்ளதாக, ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக அமர்ந்திருந்தது. பெருநூல்கள் காட்டாத இவ்வுண்மையைச் சிறு கட்டுரை காட்டிக் கொடுக்கின்றது. திறனாய்வாளன் அத்தகைய எழுத்தை ஒதுக்கலாகாது என்பதற்கு இதுவே தலையாய காரணமாகும்.

எனவே ஓர்வெல்லை முற்போக்காளர் எனப் போற்றுவதும், பட்டியல் கொடுத்தவர் எனத் தூற்றுவதும் ஒருபாற் கோடிய தீர்ப்புகளாகவே அமையும். நிலக்கரியின் பின்னால் நிற்கும் மனிதனைக் காணுமாறு ஆங்கில வாசகனுக்குக் கற்பித்தவர் அவர். அக்கல்வியைக் கொண்டே அவருடைய தேநீர்க் கோப்பையையும் நோக்க முடிகின்றது. கொழுந்து பறிக்கும் கைகளை எழுத்திற் கொணர்ந்த பணியை சி. வி. வேலுப்பிள்ளை போன்ற மலையக எழுத்தாளர்கள் மேற்கொண்டனர். ஓர்வெல்லின் நிலக்கரிச் சுரங்கப் பக்கங்களையும் தேநீர்க் கட்டுரையையும் வேலுப்பிள்ளையின் எழுத்துக்களோடு சேர்த்துப் பயிலும் மாணவன், மூன்றையும் தனித்தனியே பயில்பவனைவிட அதிகம் அறிவான்.