பட்டி வைக்காத போர்வை

குயில்ட் போர்வைக்கு ஓரப்பட்டி வைப்பது கடைசி வேலை. மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் கையால் தைத்து முடித்த அலுப்பில், இரண்டரை அங்குலப் பட்டிகளை வெட்டி, ஒட்டுப்போட்டு நீளமாக்கி, இரண்டாக மடித்துச் சுற்றிலும் தைத்து, பின்பக்கம் திருப்பி எம்மிங் செய்ய வேண்டும் என்றால் யாருக்கும் கை ஓய்ந்துபோகும். நான்கு மூலையில் ஒன்று கோணினாலும் அதுவரை பட்ட பாடு கண்ணில் படாது, அந்த மூலைதான் படும். பட்டியே வேண்டாம் என்று பலர் முடிவெடுப்பதில் வியப்பில்லை.

அந்த முடிவில் தவறில்லை. அதைக் கடைசியில் எடுப்பதில்தான் கோளாறு.

வழக்கமான குயில்டை நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போவார்கள். அடுக்குகளுக்கு இடையே உள்ள தொய்வு தையலோடு சேர்ந்து ஓரத்துக்கு நகரும். எல்லாம் முடிந்தபின் மிச்சத்தை நேர்கோட்டில் வெட்டி எறிந்துவிட்டு, பிசிரை மூடப் பட்டி வைக்கிறோம். ஆகவே பட்டி வெறும் அலங்காரம் அல்ல. நடுவில் தொடங்கும் தையலுக்கு அது தேவை.

பட்டியைத் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் பிடிப்பது தலையணை உறை முறை. இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, பஞ்சையும் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, ஒரு சாண் வாய் விட்டுத் திருப்பிப்போட்டு அந்த வாயை மூடிவிடலாம். ஓரம் கத்தி போல் கூர்மையாக, அழகாக வரும். பிறகு நடுவில் தைக்க உட்காரும்போதுதான் வினை. ஓரம் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டதால் தொய்வு வெளியேற வழியில்லை. அடித்துணி சுருக்கு விழுந்து, அங்கங்கே உப்பி நிற்கும். குழந்தைக்கான சிறு போர்வையில் இது தெரியாது. கட்டில் அளவுக்குப் போனால் மறைக்க முடியாது.

வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைவிடச் சாமர்த்தியமான வழி இருந்தது. முதலில் போர்வை முழுவதையும் தைத்துவிட்டு, அதன்பின் இரு துணிகளின் விளிம்பையும் உள்நோக்கி மடித்து, இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு முடித்தார்கள். தொய்வுக்கும் வழி கிடைத்தது, பட்டியும் மிச்சமாயிற்று. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குயில்டுகள் பலவற்றில் அடித்துணியையே முன்பக்கம் மடித்துக் கொண்டுவந்து ஓரமாக்கியிருப்பார்கள்.

ஆனால் பட்டி என்ற யோசனைக்கே இடமில்லாத முறை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவாண்டி என்ற ஒட்டுப்போர்வை, ஓரத்தில் பிறந்து நடுவில் முடிகிறது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். அடித்துணியின் விளிம்பை உள்ளே மடித்து, அதன்மேல் ஒட்டுத்துணியின் விளிம்பையும் மடித்துப் பொருத்தி, ஓட்டுத் தையலால் பிடித்துக்கொண்டே அடுத்த துண்டை வைக்கிறார்கள். ஒரு சுற்று முடிந்தால் உள்ளே அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும்போது போர்வை முடிந்துவிடும். துண்டுகளைத் தைக்கத் தைக்கவே வைப்பதால், தொய்வைக் கண்ட இடத்திலேயே அடுத்த துண்டு வாங்கிக்கொள்கிறது. மூலைகளில் மட்டும் முக்கோணமாக மடித்த துணிகளை அடுக்கி ஃபுலா, அதாவது பூ, வைப்பார்கள். பூ இல்லாத கவாண்டி அம்மணமாக இருப்பதாகவே அவர்கள் கருதுகிறார்கள். ஓரத்தைப் பொறுத்தமட்டில் இந்த அளவுக்குத் தெளிவான திட்டம் வேறு குயில்ட் முறைகளில் அபூர்வம்.

குறையே இல்லையா என்றால் உண்டு. கணக்காக வெட்டிய நட்சத்திரமோ சதுரக் கட்டங்களோ வேண்டும் என்பவருக்கு இந்த முறை உதவாது. வடிவம் எப்படி வரும் என்பது தைத்து முடியும்வரை தெரியாது. நடுவில் எஞ்சும் கடைசி இடத்தைத் தட்டையாக மூடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூக்கள் கொக்கியிலும் கொடியிலும் மாட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி தேய்மானம். போர்வையில் முதலில் நைவது ஓரம்தான். இரட்டை மடிப்புப் பட்டி, சேலைக்கு வைக்கும் ஃபால்ஸ் மாதிரி, அடியை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். நைந்தால் பிரித்து எறிந்துவிட்டு வேறு தைக்கலாம். பட்டி இல்லாத போர்வையில் நைவது போர்வையின் சொந்தத் துணி. பத்து வருடம் துவைத்தபின் மடிப்பு முனையில் நூல் விட்டுப்போனால், ஒற்றைத் துணியில் தைத்த போர்வையில் எந்த ஒட்டும் உறுத்தலாகவே தெரியும். கவாண்டி மட்டும் இதிலிருந்து தப்பிக்கிறது. ஒட்டுகளாலேயே ஆன துணிக்கு ஓரத்தில் இன்னொரு ஒட்டு விழுந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

துணி மிச்சம் என்ற வாதமும் எடுபடாது. 60க்கு 80 அங்குலப் போர்வையின் சுற்றளவு 280 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் அரை மீட்டர் இருந்தால் பட்டிக்குப் போதும். இந்தச் செலவுக்கு அஞ்சி யாரும் ஓரத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே, சுவரில் மாட்டுவதற்கும் குழந்தைக்குப் போர்த்துவதற்கும் தலையணை உறை முறை போதும். பழந்துணிதான் கையில் இருக்கிறது என்றால், ஓரத்தில் தொடங்கிக் கவாண்டி தைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து தைத்த, தினமும் புழங்கும் பெரிய போர்வை என்றால், கை எவ்வளவு ஓய்ந்திருந்தாலும் பட்டி வைத்துவிடுங்கள்.