சேத்தாராவின் நெத்திலிச் சாறு

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் பொசித்தானோ பக்கமே மொய்க்கிறது. சலெர்னோவை ஒட்டிய சேத்தாரா இன்னமும் மீனவர் ஊர்தான். தனியாகப் போகிறவர்கள் அங்கே அவசியம் கேட்டு வாங்க வேண்டியது ‘கொலாத்தூரா’, நெத்திலியிலிருந்து இறங்கும் தேன்நிறச் சாறு. வசந்தம் தொடங்கிக் கோடைவரை பிடிக்கும் மீனைக் கையாலேயே தலை கிள்ளி, குடல் நீக்கி, மரப்பீப்பாயில் உப்பும் மீனுமாக அடுக்கி, மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறியபின் அடியில் துளையிட்டால் சொட்டுச் சொட்டாக வடியும். என்ன பொறுமை! 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

இதைச் சாப்பிடும் விதம் எளிது: உப்பில்லாமல் வேகவைத்த ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி, கடைசியில் சாறு. சாற்றை மட்டும் அடுப்பில் காட்டக் கூடாது. என்னைக் கேட்டால், பேச்சுத்துணை இல்லாமல் சாப்பிடும்போதுதான் உப்புக்குப் பின்னால் மெல்ல எழும் அந்த மீன்ருசி முழுதாகப் பிடிபடுகிறது.