பூநாரை இரை தேடும் அழகு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து திரும்பும் பேருந்தின் ஜன்னலில் தெரிவது புகைபோக்கிகள்தான். கிழக்கே கொஞ்சம் போனால் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகளைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீரில் முக்கி, நாக்கை பிஸ்டன் போல இயக்கி, நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகோரச் சல்லடையில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடும். சாம்பல் நிறக் குஞ்சு வளர வளரச் சிவப்போடுவதும் அந்தத் தீனியின் நிறமிகளால்தான்.

சிறுவயதில் இதை வாய்பிளந்து பார்த்த பிள்ளைகள், பிளஸ் டூ முடிந்ததும் ‘வேலை கிடைக்குமா?’ என்று பறவைகள் மீதான ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். பறவையியலாளர் சாலிம் அலியும் குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவுக்குப் போனவர்தான். சிறுவனாகச் சுட்ட ஒரு குருவி தொடங்கிவைத்த ஆசை அவரை விடவில்லை. இன்று பறவைகள், விலங்குகளைப் பற்றிப் படிக்கவே வழி இருக்கிறது: மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை, டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒருநாள் காலையில் பழவேற்காடு போய்விட்டு வாருங்கள்.