சுழியோடிகளின் மணிக்கூடு

கல்முனையில் அன்றாடம் கட்ட மணிக்கூடு கேட்பவருக்கு நான் சொல்வது சீக்கோ எஸ்.கே.எக்ஸ் 007. 1996இல் வந்தது, இப்போது உற்பத்தியில் இல்லை, பழையதுதான் கிடைக்கும். 200 மீற்றர் ஆழத்துக்கான உடல். திருகி இறுக்கும் குமிழ் நாலு மணிப் பக்கம் இருப்பதால் புறங்கையைக் குத்தாது. பெற்றரி இல்லை. கை அசைய, உள்ளே ஓர் அரைவட்ட எடை சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. எப்பக்கம் சுழன்றாலும் சீக்கோவின் 'மேஜிக் லீவர்' அதை முறுக்காக்கிவிடும். என்ன அழகான ஏற்பாடு! கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ 40 மணித்தியாலம் ஓடும்.

குறையும் உண்டு. கையால் முறுக்க முடியாது. செக்கன் முள்ளை நிறுத்தி நேரம் வைக்க முடியாது. நாளுக்குச் சில செக்கன் பிசகும். பாங்கு கேட்டுத் தொழுகைக்குப் போகிறவருக்கு அது பொருட்டல்ல. வுளூச் செய்கையில் தண்ணீருக்கு அஞ்ச வேண்டியதில்லை, தோலில் நீர் படும்படி சற்று நகர்த்தினால் போதும்.

வளைகுடாச் சந்தைக்கான சீக்கோக்களில் கிழமை அரபியிலும் வரும். சவூதி, கட்டார் என்று உழைத்து வந்தவர்களின் ஊரில் எனக்கு அந்தத் தட்டுத்தான் பிடிக்கும்.

பழையதை வாங்கினால் முதலில் றப்பர் வளையங்களை மாற்றி நீர்க்காப்பைச் சோதியுங்கள். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.