விழாவறை காதையும் சமயப் பொறையும்

மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையுள், இந்திர விழாவின் வரவை முரசறைவோன் நகர்க்கு அறிவிக்கும் பகுதி, பண்டைத் தமிழரின் சமயப் பொறைக்குச் சான்றாகப் பலகாலும் எடுத்துக்காட்டப் பெறுவதாகும். பல சமயத்தாரும் பட்டிமண்டபம் ஏறி வாதிடுக என்றும், பகைவரோடு எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் இன்றி விலகுக என்றும் அம்முரசு கூறுகிறது. இவ்விரு கூற்றையும் எடுத்துக்கொண்டு, அக்காலத்துச் சமயப் பூசலே இருந்ததில்லை என முடிபு கூறி அமைவோர் பலர். மேடைக்கு அம்முடிபு இனிதாயிருக்கலாம். ஆயினும் அது பாட்டினின்றும் பிறவாத முடிபு என்பது என் கருத்து.

பூசல் இல்லாத ஊரில் பூசல் விலக்கப்படுதற்குக் காரணம் யாது? அரசன் முரசம் ஒன்றை விலக்குமாயின், விலக்கப்பட்டது அவ்வூரில் நிகழ்ந்தது, அல்லது நிகழும் என அஞ்சப்பட்டது என்பதே பொருத்தமான கருத்தாகும். சாத்தனார் காட்டும் புகார் பூசலறியாத ஊரன்று; பூசலை அறிந்து அதற்கொரு வரம்பு கண்ட ஊர். அவ்வரம்பு எத்தகையது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண், விழாவை எடுக்கத் துணிந்தோர் யாவர் என நோக்குவோம். சமயக் கணக்கர், காலங்கணிப்போர், மறைந்த உருவொடு வந்த கடவுளர், பல மொழி பேசும் வேற்றுநாட்டு மக்கள், ஐம்பெருங்குழு, எண்பேராயம் ஆகிய இவர்தம் கூட்டமே விழாவெடுக்க முடிவு செய்கிறது. தம்முள் முரணிய சமயக் கணக்கரும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்களும் அவையில் இடம்பெறுகின்றனர். அரசன் ஒருவனே நினைந்து ஆணையிட்டான் என்று காதை கூறவில்லை. விழாவை மறந்தால் பூதத்தால் துன்பம் வரும் என்ற அச்சமும் அவர் முடிவுக்கு ஒரு காரணமாயிற்று என்பதை மறைத்தற்கில்லை. உயர்ந்த கொள்கை ஒன்றனால் மட்டுமே இவ்விழா எழுந்ததெனப் புனைந்துரைப்பது புலவர் கூறாததைக் கூறுவதாகும்.

பின்னர் வச்சிரக் கோட்டத்து முரசம் யானைப் பிடரியில் ஏறுகிறது. தோரணம் கட்டுக, பூரண கும்பமும் பொற்பாலிகையும் பாவை விளக்கும் பரப்புக, குலைக் கமுகும் வாழையும் கரும்பும் நடுக, பழைய மணலை நீக்கிப் புதுமணல் இடுக, மாடங்களிலும் வாயில்களிலும் கொடி சேர்த்துக என ஏவல்கள் அடுக்கி வருகின்றன. இவை ஊர்ப்பொதுவான அணிகள். எச்சமயத்தாரும் தம் வாயிலில் வாழை நடலாம். இப்பொது அணிகளைக் கூறி முடித்த பின்னரே வழிபாட்டைப் பற்றிய கூற்று வருகிறது. ஆங்கு நடை மாறுகிறது. நெற்றிக் கண்ணனாகிய இறைவன் முதலாக, சதுக்கத்தில் உறையும் தெய்வம் ஈறாக, ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய சிறப்பை அவ்வம்முறை அறிந்தோர் வேறு வேறாகச் செய்க என்கிறது முரசம்.

‘வேறு வேறு’ என்பதே இப்பகுதியின் உயிரான சொல். எல்லாத் தெய்வமும் ஒன்றே என்று முரசறைவோன் கூறவில்லை. எல்லார்க்கும் பொதுவானதொரு வழிபாட்டைப் புதிதாக வகுக்கவுமில்லை. பொது அணி பொதுவாகவும், தனி வழிபாடு தனியாகவும் நிற்க இடந்தருகிறது நகரம். சாத்தனார் பௌத்தர். தம் காப்பியத்தின் தொடக்கத்தில், வழிபடு தெய்வங்களின் நிரலில் சிவனை முன்வைத்து, நாற்சந்தித் தெய்வத்தைப் பின்வைத்து, புத்தர் பெயரை அந்நிரலில் வலிந்து புகுத்தாது விடுகிறார். நகரில் உள்ளது உள்ளவாறு கூறுதல் அவர்க்குத் தம் சமயப் பற்றினும் முந்தியதாயிற்று போலும். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையும் இவ்வாறே பிறவா யாக்கைப் பெரியோனாகிய சிவன் கோயிலை முன்வைத்து, செவ்வேள், வாலியோன், நெடியோன், இந்திரன் கோயில்களை அடுத்துக் கூறி, மறைவழித் தீ வேட்டலையும் அறவோர் பள்ளியையும் ‘ஒருபால்’ ‘ஒருபால்’ எனப் பகுத்துக் காட்டுகிறது. கலத்தலன்று, பகுத்து இடமளித்தலே இரு காப்பியத்தும் காணப்படும் முறை.

இடமளித்தல் வழிபாட்டோடு நில்லாது கருத்துக்கும் உரியதாயிற்று என்பதற்குக் காப்பியங்களுக்கு முந்திய சான்றும் உண்டு. பட்டினப்பாலை புகாரின் கொடிகளை விரித்துரைக்குங்கால், தெய்வத்துக்கு எடுத்த கொடியையும், கப்பற் பாய்மரக் கொடியையும், கள் விற்கும் மனையின் கொடியையும் கூறுவதோடு, கேள்வி நிரம்பிய ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடியையும் கூறுகிறது. கள்ளுக்கு ஒரு கொடி, கடவுளுக்கு ஒரு கொடி, மறுப்புக்கும் ஒரு கொடி! மாற்றாரை அழைக்கும் அக்கொடி, பூசைக் கொடியோடு ஒரே தெருக்காற்றில் அசைந்தது. குண்டலகேசி நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்த மரபும் இவ்வினத்ததே. மதுரைக்காஞ்சி பௌத்தர், அந்தணர், சமணர் ஆகியோரின் பள்ளிகளை அடுத்தடுத்துக் கூறுவதை முன்னரே பலர் எடுத்துக்காட்டியுள்ளனராதலின் அதனை ஈண்டு விரித்திலேன்.

இனிப் பட்டிமண்டபத்துக்கு வருவோம். இம்மண்டபம் பகைமை காரணமாக மகத வேந்தன் சோழனுக்குக் கொடுத்ததெனச் சிலம்பு கூறும். பகையில் வந்த மண்டபம் பகை தவிர்க்கும் இடமாயிற்று என்பதை நினைத்தல் இனிது. எனினும் அதன்மேல் மிகப் பெரிய கருத்தை ஏற்றுதல் வேண்டா. மணிமேகலை முரசம் இம்மண்டபத்தைப் பற்றிக் கூறுவன இரண்டே வினை: ஏறுக, அகல்க. வாதிகள் முறையறிந்து ஏறுக. பற்றாதார் உடனிருப்பினும் செற்றமும் கலாமும் செய்யாது அகல்க. வென்றார் பெறுவது யாது, தோற்றார் இழப்பது யாது, நடுவராயிருந்து முடிவு கூறுவார் யார் என்பவற்றுள் ஒன்றேனும் அம்முரசிற் கேட்கப்படவில்லை. இதனை உரைகாரரும் ஆராய்ச்சியாளரும் போதிய அளவு கருதினாரல்லர். இக்காலத்து நம் பட்டிமன்றங்கள் நடுவர் தீர்ப்பின்றி முடிவதில்லையாதலின், பழைய மண்டபத்துக்கும் ஒரு தீர்ப்பை நாமே கற்பித்துக்கொள்கிறோம் போலும்.

சமயத்துக்கு அடைமொழியாக வரும் ‘ஒட்டிய’ என்னும் சொல் ஈண்டு ஓர் ஐயத்தைத் தரும். ஒட்டுதல் பொருந்துதலும் ஆகும். பந்தயம் கூறுதலும் ஆகும். பின்னதைக் கொள்ளின், சூளுரைத்து வாதிடுவோர் என்று பொருள்படும். சூளுரைத்தார்க்கு இழப்பு உண்டு. இழப்பு உள்ள இடத்தில் தீர்ப்பும், தீர்ப்பை நிறைவேற்றும் கையும் வேண்டும். சேக்கிழார் கூறும் மதுரை வாதத்தில் அனலிலும் புனலிலும் ஏடு இடப்பட்டது. தோற்றாற் கழுவேறுவதாகச் சமணர் ஒட்டினர். அரசன் ஆணையால் அது நிறைவேறியது. அந்நிகழ்ச்சி வரலாறா அன்றா என்னும் வினா இக்கட்டுரைக்கு உரியதன்று. வாதத்தை ஒட்டும் தீர்ப்பும் சூழ்ந்தால் அதன் முடிவு எத்தகையதாகும் எனத் தமிழ் மரபு எண்ணிப்பார்த்தது என்பதற்கு அது சான்றாதல் போதும். விழாவறை காதையிலோ வாதம் முடிந்தார் அகன்று போதலே கூறப்படுதலின், ‘பொருந்திய’ என்ற பொருளே சிறக்கும் எனக் கொள்கிறேன். தத்தமக்குப் பொருந்திய சமயத்தோடு ஏறினார், அச்சமயத்தோடே இறங்கவும் உரிமையுடையார்.

பொது விழாவில் சமயத்துக்கு எவ்விடம் தருவது என்னும் வினா பழைய நகரங்களோடு ஒழிந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா உயர்நீதி மன்றங்களையும் கடந்து நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாட்டக்கெட் நகராட்சி, கிறித்துமசு அணிகளுக்கிடையே இயேசு பிறப்புக் குடிலை வைத்ததை அம்மன்றம் 1984-இல் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில் ஏற்றது. தாத்தா உருவமும் கலைமானும் சூழ இருந்தமையின் குடில் விழாவணியின் ஒரு கூறாயிற்று என்பது காரணங்களுள் ஒன்று. 1989-இல், பிட்சுபர்க்கில் நீதிமன்ற மாளிகைப் படிக்கட்டில் தனித்து வைக்கப்பட்ட குடிலை அதே மன்றம் மறுத்தது; மற்றொரு கட்டடத்தின் வெளியே கிறித்துமசு மரத்தின் அருகில் நின்ற யூதரின் விளக்குத்தண்டை ஏற்றது. இத்தீர்ப்புகளின்படி, சமயக் குறி பொதுவிடத்தில் நிற்க வேண்டுமாயின் பிறவற்றோடு கலந்து தன் கூர்மை குறைந்து நிற்றல் வேண்டும் என்பதாயிற்று. நம்பிக்கையுடையார் பலர்க்கு இதுவே மனக்குறையாயிருந்ததில் வியப்பில்லை. 1995-இல் ஓகையோ மாநிலத் தலைமையிடத்துத் திடலைப் பற்றிய வழக்கில் நெறி வேறாயிற்று. அத்திடல் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டதாதலின், வெறுக்கத்தக்க கொள்கையுடைய ஒரு குழுவினர் நாட்ட விரும்பிய சிலுவையையும் அரசு அதன் சமயப் பொருள் கருதி விலக்குதல் கூடாது என எழுவர்க்கு இருவராக முடிவாயிற்று. புகார் முரசின் நெறி முதலிரு தீர்ப்புகளினும் இம்மூன்றாவதற்கே அண்மையது. வேற்றுமையும் பெரிது. புகார் நகரம் தானே எல்லாத் தெய்வத்துக்கும் சிறப்புச் செய்வித்தது. அமெரிக்க அரசோ சமயம் எதனையும் தனதென நிறுவலாகாது என்னும் அரசியற் சட்டத்தாற் கட்டுண்டது. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது.

பேச்சுரிமையின் கடினமான பகுதி வாதமன்று, நகை. மூன்றாம் காதையாகிய மலர்வனம் புக்க காதையில் விழாத் தெருவைக் காட்டும் சாத்தனார், ஆடையின்றி உறியில் தூங்கும் கரகத்தோடு வரும் உண்ணா நோன்பி ஒருவரைக் கட்குடியன் ஒருவன் மறிக்கும் காட்சியை அமைக்கிறார். தெங்கின் தேறலில் கொலை உண்டோ என வினவுகிறான் அவன். இம்மையும் மறுமையும் இன்பமும் தருவதெனத் தன் ஆசான் உரைத்தான் என்கிறான். இதனை உண்டு பயனைக் கண்டபின் வேண்டாவெனின் எம்மைத் தள்ளுக என்கிறான். அறவுரையின் சொற்களையே எடுத்து அறவோனை நகையாடும் இப்பேச்சு நுட்பமாகச் செய்யப்பட்டது. கொல்லாமையை உயிராகக் கொண்டாரிடம் கொலையின்மையையே காரணங்காட்டிக் கள் நீட்டுகிறான்! மக்கள் அவன் பின்னே வேடிக்கை பார்த்துச் செல்கின்றனர். காவலர் வந்தாரெனக் காதை கூறவில்லை. நோன்பி மறுமொழி கூறினாரெனவும் கூறவில்லை. அதே தெருவில் வானவர் முதல் எல்லா உயிர்களையும் தீட்டிய சுதை ஓவியங்களைக் கண்டு நிற்பாரும் உளர். பேடிக் கூத்தைச் சூழ்ந்து நிற்பாரும் உளர்.

இக்காட்சியை நடுநிலையான நகைச்சுவை என்று கூறி அமைதல் இயலாது. இழிவுபட்டவர் சமணர், பாடியவர் பௌத்தர். தம் சமயத்துத் துறவி ஒருவரைக் குடியன் மறித்ததாகச் சாத்தனார் பாடியிருப்பாரா என்னும் வினா எழாமற் போகாது. மாற்றாரை நகையாடும் உரிமையைத் தந்த புலவர், தம்மவரை நகையாடும் உரிமையை இத்தெருவில் எவர்க்கும் தந்திலர். முரசறைவோனின் பொதுமை புலவரிடத்து முழுமையாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுதலே நேர்மையாகும்.

மற்றொரு வரம்பும் நூலுள்ளேயே உண்டு. அது இதனினும் ஆழமானது. பத்தாம் காதையில் மணிமேகலா தெய்வம், இளையள், பெண் என்று கருதி யாரும் உனக்குத் தம் சமயப் பொருளை உரையார். ஆதலின் வேற்றுருக் கொள்க என மணிமேகலைக்கு மந்திரம் அளிக்கிறது. பல சமயத்தாரின் கூற்றுகளைப் படிற்றுரை என அத்தெய்வம் முன்னரே இகழ்ந்துவிடுவதும் நோக்கத்தக்கது. முரசம் எல்லாரையும் அழைத்தது. எனினும் அழைப்புக்கு உட்பட்டோர் யார் என்பதைத் தெய்வம் நன்கறிந்திருந்தது. வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரை அணுகி அவரவர் திறத்தை அவள் கேட்டது மாதவன் வடிவில் நின்றே.

அவ்விருபத்தேழாம் காதையில் அவள் நடந்துகொள்ளும் முறையை விழாவறை காதையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். நீலகேசி சென்றவிடமெல்லாம் மறுத்து வென்று மேற்செல்வாள். மணிமேகலையோ ஒருவர் கூறுவதைக் கேட்டு அடுத்தவரிடம் செல்கிறாள். எல்லாம் கேட்டு முடித்தவிடத்து, இவை நல்லவையல்ல எனினும் மாறுரைக்கமாட்டேன் என்பது அவள் நிலை. முரசம் கூறிய அகலுதல் இதுவே. அவ்வுறுதியும் பூதவாதியிடத்து ஒருகணம் தளர்கிறது. மறுபிறப்பு இல்லை என்ற அவனை நோக்கி, முற்பிறப்பை அறிந்தோர் உண்டோ என வினவி நகுகிறாள். அஃது மயக்கம் என்றவனிடம், உன் தந்தையையும் தாயையும் அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிவாய் என மடக்குகிறாள். இவ்வளவையும் அவள் உள்வரிக் கோலத்தோடே உரைத்தாள் எனச் சாத்தனார் மறவாது குறிக்கிறார். தன்னை மடக்கியது ஓர் இளம்பெண் என்பதைப் பூதவாதி அறிந்தானாகக் காதை கூறவில்லை.