எங்கள் ஏரியில் பிறக்கும் அடையாறு

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த சம்பந்தி, ஒரகடத்தில் கம்பெனி மதிலோரம் வரிசைகட்டி நின்ற கோனோகார்ப்பஸைப் பார்த்துவிட்டு, "உங்கட ஆக்களுக்கு மரமெண்டா இதுதானோ?" என்றார். அடையாற்றுப் பாலத்தில் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

கோனோகார்ப்பஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; அரசே 2025இல் அதை நடக்கூடாதென்று சொல்லிவிட்டது. அடையாறு வேறு விஷயம். அது எங்கள் தாலுகாப் பிள்ளை. மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரியில் புறப்பட்டு 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டி மேடாகிக் கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். முதலில் குப்பையை அள்ளி நீருக்கு இடம் விட்டார்கள். அலையாத்திக் கன்றுகளும், மேட்டில் இந்தக் கரைக்கே உரிய காட்டு மரங்களும் அதன்பிறகுதான்.

சம்பந்தியின் கொழும்பு 2018இல் ராம்சர் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கியது. உலகில் முதலில் வாங்கிய 18 நகரங்களில் ஒன்று. பெரிய காரியம்தான். நம் நாட்டில் அந்தப் பட்டம் 2025இல், கடலே இல்லாத இந்தூருக்கும் உதய்ப்பூருக்கும் போனது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை வைத்திருக்கும் சென்னைக்கு இல்லை! நாம் அலையாத்தி என்பதை அவர்கள் கண்டல் என்பார்கள். சங்கப் பாட்டுச் சொல் அவர்கள் பேச்சில் புழங்குவதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆனால் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டலின் கதையைப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வு, நட்ட 23 இடங்களைப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத தரையில், பெரும்பாலும் சுரபுன்னை இனத்தையே நட்டது முக்கியக் காரணம். (அதே சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் சவுக்கு நட்டதைச் சம்பந்தி நல்லவேளையாகக் கேட்கவில்லை.)

நம் பிச்சாவரத்துக்காரர்கள் கன்றிலிருந்து அல்ல, நீரிலிருந்து தொடங்கினார்கள். அங்கே முன்பு முறைவைத்து மரத்தை மொட்டையடித்ததில் சேறு காய்ந்து தரை தொட்டிபோல் அமிழ்ந்துவிட்டது. ஏறிய கடல்நீர் வடியாமல் நின்று வற்றி, உப்பாகப் பூத்தது. எந்த விதையும் பிழைக்கவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் அங்கே நடுவில் ஒரு பெரிய கால்வாயும், இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த கிளைக் கால்வாய்களும் வெட்டினார்கள். நீர் வந்து போனது, உப்பு இறங்கியது, கரையில் வைத்த கன்று பிடித்தது.

இந்த அறிவு மேலே எங்கள் ஏரிகளுக்கு ஏறி வரவில்லை. மனைபோட்ட இடங்களில் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. நீர் நிற்காத உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. இலங்கையின் பூந்தல தேசியப் பூங்காவுக்குள்ளும் அது புகுந்திருக்கிறது. அந்த ஒன்றில் இரு கரையும் சமம். இங்கே ஏலம் எடுத்தவர்கள் அதைக் கரிக்காக அடியோடு வெட்டிப் போகிறார்கள். வேரைத் தோண்டாததால், கட்டைக்குக் கட்டை நாலைந்து துளிர் விட்டு முன்னைவிடப் புதராகிறது.